ஒற்றைப் பலகை

மூன்று வருடமாக அந்த இடுக்கைப்
படகிலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.
லிங்கன் மலையின் விலாவில்
யாரோ கத்தியால் கீறி
உப்பு வைத்து அடைத்ததுபோல்
ஒரு வெள்ளைக் கோடு.
அந்த வளைவு வரும்போதெல்லாம்
சீட்டுக் கிழிக்கிற கை ஒரு கணம் நின்றுவிடும்.
"மீதி?" என்பார்கள் பயணிகள்.

மே மாதக் கடைசி.
இருட்டு ஊரைவிட்டுப் போய்விட்டது,
ஆகஸ்டில்தான் திரும்பும்.
மதியம் புறப்பட்டோம், நானும் ஹால்வரும்.
குளிர்காலமெல்லாம் சாலையில் பனி வாருகிற வண்டி ஓட்டுகிறவன்,
விடுமுறை கிடைத்தால் அதே பனியைத் தேடி
மலை ஏறுகிறவன்.

பிர்ச் மரங்களுக்குள் பனி
சோறாகக் குழைந்து கிடந்தது.
தொடைவரை புதைந்தோம், திட்டினோம்.
மேலே போகப்போகக் கண்ணாடி.
பலகைகள் முதுகுக்குப் போயின,
காலுக்கு ஆணிகள் வந்தன.
அறுநூறு அடிவைப்புவரை எண்ணினேன்.
பிறகு எண்ணுவதற்கு மூச்சில்லை.

அந்த இடுக்குக்குள் வெயில் வருவது
மாலை ஏழுக்கு, முக்கால் மணி நேரம்.
அதற்கு முன் இறங்கினால் இரும்பு.
அதற்குப் பின்னும் இரும்பு.
நடுவில் மட்டும்
விரல்நுனி ஆழத்துக்கு வெண்ணெய்.

உச்சியில் காத்திருந்தோம்.
பழுப்புப் பாலாடைக்கட்டி, காய்ந்த ரொட்டி.
கீழே என் படகு
நான் இல்லாமலும் சரியான நேரத்துக்குப் புறப்பட்டது.
"வந்துவிட்டது" என்றான்.
வெயில் சுவரைத் தடவியபடி உள்ளே இறங்கியது.
குனிந்து பூட்ஸை மாட்டப் போனான்.

டக்.

ஏறும்போது இடைஞ்சல் என்று
பலகையின் நிறுத்துகாலை மடக்கிக் கட்டிய ரப்பர் பேண்டை
அவிழ்க்க மறந்திருக்கிறான்.
பலகை முதலில் மெதுவாகத்தான் போனது,
வழி கேட்டுக்கொண்டு போவதுபோல்.
பிறகு யாரையும் கேட்கவில்லை.
மூன்று வருடம் நான் மனதில் வளைத்து வளைத்து
அழித்த கோட்டை
ஒரே இழுப்பில் நேராகப் போட்டுவிட்டுப் போயிற்று.
கடைசியில் ஒரு சத்தம்,
பக்கத்து வீட்டில் தட்டு வைப்பதுபோல்.

"நீ போ. வெயில் வீணாகும்."

நல்லவர்கள் அப்போது என்ன செய்வார்களோ.
நான் போனேன்.

பத்துத் திருப்பம்.
ஐந்தாவதில், நான் பெயர்த்த பனித்துகள்
என்னை முந்திக்கொண்டு சரசரவென்று ஓடியது.
ஏழாவதில் வாய்விட்டுச் சிரித்தேன்;
பாறை திருப்பிக் கொடுத்தபோது
அது வேறு யாருடையதோ.
பத்தாவதில் நின்று அண்ணாந்தேன்.
முகத்தை மலைக்குக் கொடுத்து
ஒரு கால், கோடரி, மறு கால் என்று
தையல் போடுகிறவன்போல் இறங்கிக்கொண்டிருந்தான்,
முதுகில் மிஞ்சிய ஒன்றோடு.

நின்றேன்.
நின்றதில் நிழல் வந்து
என் பூட்ஸ்மேல் உட்கார்ந்தது.
பனி தன் பற்களைத் திரும்ப மாட்டிக்கொண்டது.

வந்து சேர்ந்தவன் என்னைப் பார்த்தான்.
"போகச் சொன்னேனே, முட்டாள்."
பதில் சொல்லாமல் என் பலகைகளைக் கழற்றினேன்,
ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் பிடித்து.

அடிவாரத்தில், சரிந்த பனிக்குவியலில்
செங்குத்தாகக் குத்தி நின்றது அது,
பஸ்ஸுக்கு முன்னமே வந்துவிட்ட ஆள்மாதிரி.
ஹால்வர் திட்டவில்லை.
மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதுபோல் துடைத்தான்.
விளிம்பில் நகக்கீறல் அளவு காயம்.
ரப்பர் பேண்ட் மட்டும் அப்படியே, இறுக்கமாக.

மறுநாள் காலைப் படகில் என் முறை.
மேலே மேகம். மலையே இல்லை.
இருந்தாலும் வளைவில் கை நின்றது.

"மீதி?" என்றாள் ஒரு பெண்,
குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டே.

பாதி, என்று சொல்லிவிட்டுச்
சில்லறையைத் தேடினேன்.